சின்னப் பிள்ளைகளை எந்த வகுப்பில் சேர்ப்பது? நெல்லைப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பெருமாள்புரம், மகாராஜ நகர், கே.டி.சி. நகர்ப் பக்கமெல்லாம் புதுப் புது போர்டுகள் முளைத்துவிடும். அபாகஸ் (மணிச்சட்டக் கணக்கு), செஸ், ரோபோட்டிக்ஸ், போனிக்ஸ் (ஆங்கில எழுத்தொலிப் பயிற்சி), கையெழுத்துப் பயிற்சி என்று ஒவ்வொன்றும் "பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு" என்றுதான் சொல்கிறது. தொடக்கப் பள்ளி ஆசிரியை என்பதால், பிள்ளையைக் கூப்பிட வரும் அம்மாக்களும் தாத்தாக்களும் வாசலில் நின்றே என்னிடம் கேட்டுவிடுவார்கள். அந்தக் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். எல்லாம் மூன்று வயது முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளைப் பற்றியவை.

என் மகளுக்கு மூன்றரை வயது. பக்கத்து வீட்டுப் பிள்ளை இரண்டு வகுப்புக்குப் போகிறது. இப்போதே சேர்க்காவிட்டால் இவள் பின்தங்கிவிடுவாளா?

மாட்டாள். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் எப்படி இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது. ஓடி ஆடுவது மூன்று மணி நேரமாவது வேண்டும், அதில் ஒரு மணி நேரம் மூச்சு வாங்கும் அளவுக்கு இருக்க வேண்டும். தூக்கம் 10 முதல் 13 மணி நேரம். உட்கார்ந்து திரை பார்ப்பது ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. பால்வாடிக்கோ எல்.கே.ஜி.க்கோ போய்வரும் நேரத்தையும் கூட்டிப் பாருங்கள். தனியாக ஒரு வகுப்புக்கு அந்த நாளில் இடமே கிடையாது.

இந்த வயதில் மூளைக்கு நல்ல வேலை கொடுப்பது பாவனை விளையாட்டு. அம்பாசமுத்திரத்தில் கடைந்து அரக்குப் பூசிய மரச் சொப்புச் சாமான் ஒரு பெட்டி இருந்தால் போதும். கடைக்குப் போய் அரிசி வாங்கி, உலை வைத்து, ஆச்சிக்கு முதலில் பரிமாறி, "உப்பு போதுமா?" என்று கேட்கிறாள் பாருங்கள். எதற்குப் பிறகு எது என்ற வரிசை, இன்னொருவர் மனதில் என்ன இருக்கும் என்ற யோசனை, அதற்கேற்ற பேச்சு, மூன்றும் அதில் வந்துவிடுகின்றன. நேரம் குறித்து ஆசிரியர் நடத்தும் வகுப்பை ஐந்து, ஆறு வயதுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு வகுப்பு உண்மையிலேயே யோசிக்க வைக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பணம் கட்டும் முன்பு ஒரு மணி நேரம் அங்கே போய் உட்காருங்கள். உட்கார விடமாட்டோம் என்றால் அந்த இடம் வேண்டாம். உட்கார்ந்ததும் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: யோசிக்கும் வேலையை அங்கே யார் செய்கிறார்கள், பிள்ளையா, சொல்லிக்கொடுப்பவரா?

ஓவிய வகுப்பில் மாஸ்டர் மயிலை வரைந்து கொடுக்க, பிள்ளை கோட்டுக்குள் வண்ணம் தீட்டினால் யோசித்தது மாஸ்டர். வெற்றுத் தாளைக் கொடுத்து "நேற்று ஆற்றில் என்ன பார்த்தாய், வரை" என்றால் யோசிப்பது பிள்ளை. ரோபோட்டிக்ஸிலும் இதே கதைதான். படத்தைப் பார்த்துப் படிப்படியாகத் திருகு மாட்டி வண்டி ஓடிவிட்டால் பெற்றோருக்குச் சந்தோஷம். வண்டி ஓடாமல் நின்று, ஏன் நிற்கிறது என்று பிள்ளை கழற்றிப் பார்க்க நேரம் கொடுக்கிறார்களா என்று பாருங்கள். ஓடாத வண்டியை ஆசிரியர் வாங்கிச் சட்டென்று சரிசெய்து கொடுத்துவிட்டால் அன்றைய பாடம் அதோடு போச்சு.

பிள்ளை கேள்வி கேட்கிறதா, தப்பான பதில் சொன்னால் என்ன நடக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சான்றிதழையும் கோப்பையையும் கணக்கில் எடுக்கவே வேண்டாம்.

அபாகஸ் சேர்க்கலாமா?

அபாகஸ் எதைச் சொல்லிக்கொடுக்கிறதோ அதை நன்றாகவே சொல்லிக்கொடுக்கிறது. மணிகளை மனக்கண்ணில் ஓட்டி வேகமாகக் கூட்டவும் கழிக்கவும் பிள்ளை பழகிவிடும். பிள்ளைக்குப் பிடித்திருந்தால், ஆறு வயதுக்கு மேல் சேர்த்துவிடுங்கள்.

அதுவே கணக்கு முழுவதும் என்று நினைத்துவிடக் கூடாது. "நாலு பேருக்கு ஆளுக்கு மூணு இட்லி. பாத்திரத்தில் பத்துதான் இருக்கிறது. இன்னும் எத்தனை ஊற்ற வேண்டும்?" என்று கேட்டால், முதலில் எதைச் செய்வது என்று பிள்ளை தீர்மானிக்க வேண்டும். அந்தத் தீர்மானம் வேகத்தால் வராது. அடுப்படியிலும் காய்கறிக் கடையிலும் கேட்டுக் கேட்டுத்தான் வரும். எட்டு லெவல், பத்து லெவல் என்று முன்பணம் கேட்டால் மொத்தமாகக் கட்டாதீர்கள்.

செஸ் ஆடினால் கணக்கு நன்றாக வரும் என்கிறார்களே?

இங்கிலாந்தில் இதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். நூறு பள்ளிகளை எடுத்து, ஒரு பாதிப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு 30 வாரம் செஸ் கற்றுக்கொடுத்தார்கள். ஓராண்டு கழித்துக் கணக்குத் தேர்வில் இரண்டு தரப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே மதிப்பெண்ணுக்காகச் செஸ் என்றால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

செஸ்ஸுக்காகச் செஸ் என்றால் தாராளமாக. விஸ்வநாதன் ஆனந்த் ஆறு வயதில் தன் அம்மாவிடம் கற்றார். 2024 டிசம்பரில் 18 வயதில் உலக சாம்பியன் ஆன குகேஷ் ஆட ஆரம்பித்தது ஏழு வயதில். பிரக்ஞானந்தாவின் அக்கா வைஷாலியைப் பெற்றோர் செஸ்ஸில் சேர்த்ததே டி.வி. பார்ப்பதைக் குறைக்கத்தான். அக்காவைப் பார்த்துத் தம்பி உட்கார்ந்தார். நம் பிள்ளை அப்படி ஆகும் என்று சொல்ல வரவில்லை. ஆனந்துக்கும் பிரக்ஞானந்தாவுக்கும் ஆட்டம் வீட்டு மனிதர்கள் மூலமாகத்தான் வந்தது, அதைக் கவனியுங்கள்.

சின்னப் பிள்ளைக்கு எல்லாக் காயையும் ஒரே நாளில் காட்ட வேண்டாம். முதலில் ஆளுக்கு எட்டுச் சிப்பாயை மட்டும் வைத்து ஆடுங்கள். எதிர்க் கரைக்கு முதலில் போகிறவர் ஜெயித்தார். இரண்டு வாரம் கழித்து யானையைச் சேருங்கள், அப்புறம் மந்திரி. தோற்று அழுதால் அழட்டும். "இன்னொரு ஆட்டம் போடலாமா?" என்று மட்டும் கேளுங்கள். வேண்டுமென்றே தோற்றுக்கொடுத்தால் பிள்ளைகள் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்க வைக்கிறார்களே, அந்த மிட்பிரெய்ன் பயிற்சி எப்படி? கைரேகை பார்த்துத் திறமை சொல்கிறார்களாமே?

இரண்டுமே வேண்டாம். இதைக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன்.

மிட்பிரெய்ன் என்றால் நடுமூளை. அந்தப் பகுதி எல்லோருக்கும் பிறந்ததிலிருந்து வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. கண் அசைவு, ஒலி கேட்டுத் திரும்புவது போன்றவற்றுக்கு அது தேவை. அதைத் தனியாக "எழுப்ப" எதுவும் கிடையாது. கண்ணைக் கட்டினால் மூக்கின் இரண்டு பக்கமும் சின்ன இடைவெளி இருக்கும். அதன் வழியே கீழே பார்த்துத்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள். அதனால்தான் புத்தகத்தை எப்போதும் மூக்குக்குக் கீழே பிடிக்கிறார்கள். புத்தகத்தைத் தலைக்கு மேலே பிடிக்கச் சொல்லுங்கள், அல்லது மூக்கோரம் பஞ்சு வைத்து அடைத்துவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். வித்தை நின்றுவிடும்.

பணம் போவதைவிட எனக்கு வருத்தம் இன்னொன்றில். எட்டிப் பார்ப்பது பிள்ளைக்குத் தெரியும். அம்மாவும் அப்பாவும் கைதட்டுவதைப் பார்த்து, உண்மையைச் சொல்ல முடியாமல் அது பொய்யைத் தொடர்கிறது. ஆறு வயதுப் பிள்ளையின் மேல் அந்தச் சுமையை ஏற்றலாமா?

விரல் ரேகையை ஸ்கேன் செய்து "இந்தப் பிள்ளைக்கு இசை வரும், கணக்கு வராது" என்று அறிக்கை கொடுப்பதற்கும் அறிவியல் ஆதாரம் இல்லை. கணக்கு வராது என்று எழுதிய தாளை வீட்டில் வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளையைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

வகுப்புக்கெல்லாம் கட்ட வசதி இல்லை. வீட்டிலேயே என்ன செய்யலாம்?

வசதி இருக்கிறவர்களுக்கும் நான் சொல்வது முதலில் இதைத்தான். பரணில் பல்லாங்குழி இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் தரையில் சாக்பீஸால் இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு வட்டம் போடுங்கள். புளியங்கொட்டை எழுபது எடுத்துக் குழிக்கு ஐந்து வையுங்கள்.

நான்கு வயதில் குழிக்கு ஐந்து எண்ணி வைப்பதே விளையாட்டு. ஐந்து வயதில் ஒரு குழியை அள்ளி, குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போகலாம். ஒரு எண்ணுக்கு ஒரு பொருள் என்பது கைக்குள்ளேயே பதிந்துவிடும். ஆறு, ஏழு வயதில் முழு ஆட்டத்துக்கு வரலாம். போட்டு முடித்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடர்வது, அடுத்தது காலியாக இருந்தால் அதைத் தடவிவிட்டு அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்வது, நான்கு சேர்ந்தால் "பசு" என்று எடுப்பது. ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும், உங்கள் ஆச்சி சொல்கிற விதியே சரியான விதி. கொஞ்ச நாளில் பிள்ளை காயை அள்ளுவதற்கு முன்பே கண்ணால் குழிகளை எண்ண ஆரம்பிக்கும். "இதை எடுத்தால் அங்கே முடியும், பக்கத்தில் காலி, அப்போ அந்த ஏழும் எனக்கு" என்று வாய்க்குள்ளேயே முணுமுணுக்கும். கூட்டலும் முன்யோசனையும் யாரும் சொல்லாமல் அங்கே நடக்கின்றன.

ஒரு எச்சரிக்கை. சோழி, மஞ்சாடி, புளியங்கொட்டை எதுவானாலும் சரி, குன்றிமணி மட்டும் வேண்டாம். சிவப்பில் கறுப்புப் புள்ளி உள்ள அந்த விதை கடித்து விழுங்கினால் கடும் விஷம். மூன்று வயதுக்குக் கீழே தம்பி, தங்கை இருந்தால் எந்த விதையையும் சிதறவிடாதீர்கள், தொண்டையில் சிக்கும்.

ஏழு வயதுக்கு மேல் ஆடு புலி ஆட்டம். மூன்று புலி, பதினைந்து ஆடு. கோயில் கல்தளத்தில் அந்தக் கட்டத்தைச் செதுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் பிள்ளையைப் புலியாக ஆட விடுங்கள், தாவி வெட்டுவது சுலபம். பழகியதும் ஆட்டை மாற்றிக் கொடுங்கள். ஒவ்வொரு ஆடும் பலம் இல்லாதது, சேர்ந்து நின்றால்தான் புலியை அடைக்க முடியும். அதற்கு நான்கைந்து நகர்வு முன்னால் பார்க்க வேண்டும். செஸ் வகுப்பில் கேட்கும் அதே யோசனைதான் இங்கேயும், செலவு சாக்பீஸ் மட்டும்.

ஆண் பிள்ளை கோலம் போடலாமா? தாத்தா கோபப்படுகிறார்.

தாத்தாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் உடன் ஆய்வாளர்களும் 1970களில் கோலத்தை வைத்து கணினி அறிவியல் ஆய்வு செய்தார்கள். வடிவங்களை விதிகளாக எழுதும் முறைக்குக் கோலம் நல்ல உதாரணமாக அமைந்தது. நம் வாசலில் இருப்பது அவ்வளவு கணக்கு.

ஐந்துக்கு ஐந்து புள்ளியை நேராக வைப்பதே ஐந்து வயதுக் கைக்குச் சவால். நெளிக்கோலத்தில் கோடு எல்லாப் புள்ளியையும் சுற்றி, தொடங்கிய இடத்துக்கே வர வேண்டும். எங்கே தப்பியது என்று திரும்பத் தேடுவதில்தான் பலன் இருக்கிறது. மாவை இரண்டு விரலில் பிடித்து விடுவது எழுதுகிற விரல்களுக்கும் பலம். பையனுக்கும் அதே விரல்கள்தானே.

பாட்டு, நடனம், ஓவியம் கற்க அரசு இடங்கள் இருக்கின்றனவா?

கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றத்தில் 5 முதல் 16 வயதுப் பிள்ளைகள் பாட்டு, நடனம், ஓவியம் போன்றவற்றைக் குறைந்த கட்டணத்தில் படிக்கலாம். அரசு இசைப் பள்ளி சின்னப் பிள்ளைகளுக்கு இல்லை, 12 வயதுக்கு மேல்தான்.

இசையும் "மூளைக்கு" என்று விற்கப்படுகிறது. மொசார்ட் இசை கேட்டால் அறிவு கூடும் என்ற பேச்சு 1993இல் வந்த ஓர் ஆய்வில் தொடங்கியது. அதில் கலந்துகொண்டவர்கள் கல்லூரி மாணவர்கள், பலனும் ஒரு கால் மணி நேரத்துக்குள் போய்விட்டது. குழந்தைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பாட்டை ஆசைக்காகக் கற்கட்டும்.

நம் பக்கத்துக்கே உரிய வில்லுப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொடை விழாவில் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கும் பிள்ளை, நீளமான கதையை நினைவில் கோத்துக்கொள்கிறது. வீட்டுக்கு வந்து ஒரு கம்பும் குடமும் வைத்துக்கொண்டு தானே கதை சொல்லத் தொடங்கினால் தடுக்காதீர்கள். எதிரே உட்கார்ந்து "ஆமா" போடுங்கள்.

நான் வீட்டில் பீடி சுற்றுகிறேன். பிள்ளையோடு உட்கார நேரமே இல்லை. என்ன செய்வது?

முக்கூடல், ஆலங்குளம் பக்கம் உள்ள அம்மாக்கள் பலர் இதைக் கேட்கிறார்கள். கைக்குத்தான் வேலை, வாய் சும்மா இருக்கிறதே. விடுகதை போடுங்கள், நம் ஊர் அழிப்பாங்கதை. "வெள்ளை ராஜாவுக்குக் கறுப்புச் சட்டை, அது என்ன?" உளுந்து என்று கண்டுபிடிக்க, அடுப்படியில் இருக்கும் ஒவ்வொரு பொருளையும் பிள்ளை மனதில் புரட்டிப் பார்க்க வேண்டும். பதிலை உடனே சொல்லிவிடாதீர்கள், ஒரு ராத்திரி முழுக்க யோசிக்கட்டும். அப்புறம் பிள்ளையே ஒரு விடுகதை கட்டட்டும். அது அர்த்தமில்லாமல்தான் முதலில் வரும், பரவாயில்லை. கட்டு எண்ணும்போது சத்தமாக எண்ணுங்கள், அதுவும் கூடவே எண்ணும்.

பிள்ளையைத் தூள் பறக்கிற இடத்தில் இல்லாமல் காற்றோட்டமாகத் தள்ளி உட்கார வையுங்கள். இலையும் தூளும் பிள்ளை கையில் படக்கூடாது. வேலை முடிந்து கை கழுவிய பிறகு தூக்குங்கள்.

போனில் கல்வி ஆப் போட்டுக் கொடுத்தால் போதாதா?

போதாது. ஆப்பில் தப்பான பொத்தானை அழுத்தினாலும் அடுத்து சரியானது தானாகத் தெரிந்துவிடும், பிள்ளை யோசிக்காமலே தாண்டிப் போகலாம். "ஏன் அதை அழுத்தினாய்?" என்று கேட்க அங்கே ஆள் இல்லை. கொடுத்தால் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே கொடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை எங்கே கூட்டிப் போகலாம்?

கொக்கிரகுளத்தில் ஆற்றோரம் மாவட்ட அறிவியல் மையம் 1987 முதல் இருக்கிறது. ஒரே நாளில் எல்லாவற்றையும் காட்டி முடிக்காதீர்கள். ஒரு தடவைக்கு மூன்று கருவி போதும். பொத்தானை அழுத்தும் முன்பு "என்ன ஆகும்னு நினைக்கிற?" என்று கேட்டுவிட்டு அழுத்த விடுங்கள். அந்த ஒரு கேள்விதான் பார்த்துவிட்டு வருவதையும் கற்றுக்கொண்டு வருவதையும் வேறுபடுத்துகிறது.

நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்துக்கு ஜனவரிக்கு மேல் போங்கள். கூழைக்கடாக்களும் நாரைகளும் ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டியிருக்கும். பறவைகளுக்காக ஊர்க்காரர்கள் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை என்பதைப் பிள்ளையிடம் சொல்லுங்கள். ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து ஒரே ஒரு மரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை கூடு, எதில் குஞ்சு, தாய் எத்தனை முறை வந்தது. அரை மணி நேரம் ஒன்றையே பார்க்கிற பழக்கம் எந்த வகுப்பிலும் சுலபமாகக் கிடைக்காது.

நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்களை, தட்டாமல், சுற்றி நின்று காட்டுங்கள். ஒரே கல்லில் குடைந்த சின்னச் சின்னத் தூண்கள் வெவ்வேறு சுரம் தருபவை. வீட்டுக்கு வந்து நான்கு டம்ளரில் வேறு வேறு அளவு தண்ணீர் ஊற்றிக் கரண்டியால் தட்டிப் பார்க்கட்டும். பத்தமடையில் கோரைப்பாய் நெய்வதைப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. அதன் பிறகு காகித நாடாவால் பாய் முடைய வையுங்கள், ஒன்று மேலே ஒன்று கீழே என்ற ஒழுங்கு கையில் வரும். திருச்செந்தூர் சாலையில் ஆதிச்சநல்லூரில் 2023இல் திறந்த கள அருங்காட்சியகத்தில் கண்ணாடித் தளத்தின் மேல் நின்று முதுமக்கள் தாழிகளைப் பார்க்கலாம். அது எட்டு வயதுப் பிள்ளைக்கு. நான்கு வயதுப் பிள்ளை பயந்துவிடக்கூடும்.

எத்தனை வகுப்பு சேர்க்கலாம்?

ஒன்று. ஏழு வயதுக்கு மேல், பிள்ளையே கேட்டால் இரண்டு, அதில் ஒன்று ஓடி ஆடுவதாக இருக்கட்டும். சிலம்பம், நீச்சல், ஏதாவது. சாயங்காலம் தெருவில் பாண்டி ஆடவும் சும்மா உட்கார்ந்து எறும்பைப் பார்க்கவும் நேரம் மிச்சம் வேண்டும்.

ஆசையாய்ச் சேர்ந்தான், இரண்டு மாதத்தில் போக மாட்டேன் என்கிறான். விட்டுவிடலாமா?

முதலில் காரணத்தைக் கேளுங்கள், அதுவும் வகுப்புக்குக் கிளம்பும் நேரத்தில் இல்லாமல் ராத்திரி படுக்கும்போது. கஷ்டமாக இருக்கிறது என்றால் இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம் என்று தேதி சொல்லி ஒப்பந்தம் போடுங்கள். அங்கே அடிக்கிறார்கள், கேலி செய்கிறார்கள், யாரையோ பார்த்துப் பயமாக இருக்கிறது என்றால் அன்றோடு நிறுத்திவிடுங்கள். கட்டிய பணத்தைப் பற்றிப் பிள்ளை முன்னால் பேசவே கூடாது.

மூன்று வயதாகியும் சேர்ந்தாற்போல் இரண்டு வார்த்தை பேசவில்லை. ஏதாவது வகுப்பில் சேர்த்தால் சரியாகுமா?

வகுப்பைத் தேடி நாளைக் கடத்த வேண்டாம். முதலில் குழந்தை மருத்துவரிடம் காட்டி, காது கேட்கும் திறனையும் சோதித்துப் பாருங்கள். ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கே போகலாம். ஐந்து வயது வரை பொறுத்துப் பார்ப்போம் என்று உறவினர்கள் சொல்வார்கள், காத்திருக்காதீர்கள். பயிற்சி தேவை என்றால் சீக்கிரம் தொடங்குவதே பிள்ளைக்கு நல்லது. அந்தப் பயிற்சி நடக்கும்போதே சொப்பு விளையாட்டும் பல்லாங்குழியும் வீட்டில் தொடரலாம், மருத்துவரிடமும் அதைச் சொல்லிவிடுங்கள்.